துப்பாக்கியை மூட்டை மேல் வைக்காதீர்கள்... கை மேல் வையுங்கள்!

பொள்ளாச்சிப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவரின் வீட்டில், அவருடைய அப்பா காலத்து ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்திருக்கும் மகள், விடுமுறைக்கு வந்தபோது அதை எடுத்துத் துடைத்தார். துப்பாக்கிச் சுடும் அணிக்கு அடுத்த மாதம் தேர்வு. 10 மீட்டர் தூரத்தில் அட்டையை ஒட்டிப் பயிற்சியைத் தொடங்கினார்.

கல்லூரியில் .22 ரைஃபிளை மணல் மூட்டை மேல் வைத்துப் பழகியவர், இங்கும் அப்படியே செய்தார். ஐந்து குண்டும் ஐந்து பக்கம் போயின. மூட்டையை இறுக்கிக் கட்டி, ரைஃபிளை அழுத்திப் பிடித்துச் சுட்டார். இன்னும் மோசம்.

"என் கையே சரியில்லைப்பா" என்று மகள் சோர்ந்துபோனார். "ஸ்பிரிங் போயிருக்கும் கண்ணு" என்று அப்பா ரைஃபிளைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எது மேல வச்சுச் சுட்டீங்க?" மணல் மூட்டை என்றதும் சிரித்துவிட்டார். "ஸ்பிரிங் நல்லாத்தானுங்க இருக்குது. மூட்டைக்கும் துப்பாக்கிக்கும் நடுவுல கையை வைக்கச் சொல்லுங்க."

ஏன் குறி தவறுகிறது?

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் வெடிமருந்து கிடையாது. ட்ரிகரை இழுத்ததும், சுருங்கியிருந்த ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று குண்டைத் தள்ளுகிறது. கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் நகரும். பிஸ்டன் சிலிண்டரின் முனைக்குப் போய் நின்றதும் ரைஃபிள் முன்னால் குதிக்கும். கண் சிமிட்டுவதற்குள் நடந்து முடியும் இந்த அசைவு, குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடுகிறது.

இந்த அசைவைத் தடுக்க முடியாது. ஆனால், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைய விடலாம். கெட்டியான மூட்டை, மேஜை, சுவர் மேல் வைத்தால் ரைஃபிள் எகிறும். இறுக்கிப் பிடித்தாலோ, பிடியின் அழுத்தம் மாறும்போதெல்லாம் குறியும் மாறும். பீரங்கி தன் சக்கரத்தில் தாராளமாகப் பின்னால் உருள்வதைப்போல ரைஃபிளை நகர விடுவதால், இந்த முறைக்கு 'ஆர்ட்டிலரி ஹோல்ட்' என்று பெயர்.

செய்முறை

* கோணிப்பையில் பாதியளவு மணல் நிரப்பி, மேஜை மேல் வைக்கவும். புறங்கையை அதன்மேல் வைத்து, உள்ளங்கையை விரித்து, அதில் ரைஃபிளின் முன்கட்டையை வைக்கவும். விரல்களால் பற்றக் கூடாது.

* ட்ரிகர் வளையத்துக்குச் சற்று முன்னால் கையை வைத்து 5 குண்டுகள் சுடவும். பிறகு இரண்டு விரல்கடை முன்னால் நகர்த்தி 5 குண்டுகள். எந்த இடத்தில் குண்டுகள் நெருக்கமாக விழுகின்றனவோ, அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, எப்போதும் அங்கேயே கையை வைக்கவும்.

* பின்கட்டை தோளைத் தொட்டால் போதும். கன்னத்தையும் அழுத்த வேண்டாம்.

* சுட்டதும் தலையைத் தூக்காமல், குண்டு அட்டையில் படும்வரை குறியைப் பார்த்துக்கொண்டே இருக்கவும்.

* நின்று சுடும்போது தூணிலோ மரத்திலோ கையைத்தான் சாய்க்க வேண்டும். குழலை எதன் மீதும் வைக்கக் கூடாது.

* குண்டுகள் ஒன்றுகூடிய பிறகே குறிப்பானைத் திருக வேண்டும். அதற்குப் பிறகும் சிதறினால், கட்டையின் திருகுகள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். அடுத்து குண்டு ரகத்தை மாற்றிப் பாருங்கள். ஸ்பிரிங்கைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

கவனம்!

அட்டைக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்க வேண்டும். கல், தகரத்தில் பட்டால் குண்டு திரும்பி வரும். வைக்கோல் போர் பக்கம் சுடவே கூடாது. குண்டு ஈயத்தால் ஆனது. தீவனத்தில் கலந்தால் மாட்டுக்கு விஷம். குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். குழலை மடக்கிக் குண்டு போடும்போது, ஒரு கை குழலைவிட்டு விலகக் கூடாது. குண்டில்லாமல் ட்ரிகரை இழுத்தால் பிஸ்டன் மோதிச் சேதமாகும்.

20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ, .177 அங்குலத்துக்கு மேல் குழல் விட்டமோ உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவை. மயில் எவ்வளவு பயிரை அழித்தாலும் அதைச் சுடுவது குற்றம். 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

வீடு திரும்பிய அன்று மாலையே மகள் மூட்டையைத் தளர்த்தி, கையை நடுவில் வைத்துச் சுட்டார். முதல் ஐந்தும் கொஞ்சம் பரவலாகத்தான் விழுந்தன. கை வைக்கும் இடத்தை மூன்றாவது முறை மாற்றியபோது, ஐந்து துளைகளும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிட்டன. அந்த அட்டையைத் தேர்வு முடியும்வரை கழற்ற வேண்டாம் என்று சொல்லி, அப்பாவே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.