நார்கொண்டம் தீவும் அதன் இருவாட்சியும்

புலியின் பொருட்டுக் காக்கப்படும் காடுகள் நம் நாட்டில் பல உள்ளன. அந்தமான் தீவுகளில் புலி கிடையாது. ஆயினும் ஒரு பிராணியைக் காப்பதாயின் அதன் காட்டையும் காக்க வேண்டும் என்னும் நியதியை அங்குள்ள நார்கொண்டம் என்னும் சிறு தீவு தெளிவாக உணர்த்துகிறது.

வட அந்தமானுக்குக் கிழக்கே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கடலினின்று எழுந்து நிற்கும் எரிமலை இது. இதன் பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். உச்சியின் உயரம் 710 மீட்டர். மலைச்சரிவுகளை அடர்ந்த காடு மூடியிருக்கிறது. 1977-ஆம் ஆண்டில் இது வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இக்காட்டில் வாழும் நார்கொண்டம் இருவாட்சி உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படுவதில்லை. 1873-ஆம் ஆண்டில் ஹியூம் என்பார் இதனை முதன்முதலில் விஞ்ஞான உலகிற்கு விவரித்தார். ஆனைமலைக் காடுகளில் காணும் பெரிய இருவாட்சியை விட இது உருவிற் சிறியது. ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு நிறம். பெண்ணின் உடல் பெரும்பாலும் கருமை. முட்டையிடும் பருவத்தில் பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, ஒரு சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்கிறது. ஆண் பறவை அப்பிளவின் வழியே பழங்களை ஊட்டுகிறது. ஆகவே, இப்பறவை பெருக வேண்டுமாயின் பொந்துள்ள முதுமரங்களும், ஆல், அத்தி இனங்களைச் சேர்ந்த பழமரங்களும் ஒருங்கே வேண்டும். தான் உண்ட பழங்களின் வித்துகளைத் தீவெங்கும் பரப்பி, அம்மரங்களுக்கு இப்பறவை கைம்மாறு செய்கிறது.

இந்த ஒழுங்கிற்கு ஒருமுறை இடையூறு நேர்ந்தது. 1969-ஆம் ஆண்டில் தீவில் காவல் நிலையம் ஒன்று அமைந்தது. 1976-ஆம் ஆண்டில் உணவின் பொருட்டு ஆடுகள் கொண்டுவரப்பட்டன. அவற்றை வேட்டையாடும் விலங்கு அங்கு இல்லாமையால் அவை பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்தன. முதுமரங்கள் நின்றமையால் காடு கண்ணுக்குப் பசுமையாகவே தோன்றிற்று. ஆயினும் கன்று இல்லாத காடு வாரிசற்ற குடும்பத்தை ஒக்கும். முதுமரம் சாய்ந்தால் அதன் இடத்தை நிரப்ப வேறொன்று இராது. ஆராய்ச்சியாளர் இவ்வபாயத்தை எடுத்துரைத்தனர்; பின்னர் ஆடுகள் அகற்றப்பட்டன.

2020-ஆம் ஆண்டையொட்டி நடந்த ஆய்வொன்று இருவாட்சிகளின் எண்ணிக்கை சுமார் ஆயிரம் என மதிப்பிட்டது. இச்சிறு நிலத்திற்கு இது பெருந்தொகையே. எனினும் உலகிலுள்ள மொத்த இருப்பும் இதுவே என்பதை மறத்தலாகாது. ஒரு புயலோ தீயோ அனைத்தையும் ஒருசேரத் தாக்கக்கூடும்.

இத்தீவிற்கே உரிய மூஞ்சூறு வகையொன்று 2021-ஆம் ஆண்டிலேதான் புதிய இனமெனப் பதிவாயிற்று. நாம் இன்னும் அறியாதவையும் அங்கு இருத்தல் கூடும். ஒரு காட்டின் நலத்தை அறிய விரும்புவோர் மரங்களை அண்ணாந்து நோக்குவதோடு அமையாது, அவற்றின் அடியில் கன்றுகள் முளைத்துள்ளனவா என்று குனிந்தும் பார்த்தல் வேண்டும். இப்பழக்கத்தை மாணவர்கள் தம் ஊர்த் தோப்பிலேயே தொடங்கலாம்.