உப்பா, சர்க்கரையா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் விட்டதும் சோடாக் கடைகளில் கூட்டம் சேரும். இரும்பாலைகளில் உலையோரம் நின்றுவிட்டு வருகிறவர்களின் சட்டை முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடாக உப்பு பூத்திருக்கும்.

"அண்ணே, ஒரு லெமன் சோடா."

"உப்பா, சர்க்கரையா?"

"ரெண்டும் போடுங்க."

அந்த 'ரெண்டும்' என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

முதலில் கோலி சோடா. லண்டனில் ஹிராம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. தலைகீழாகக் கவிழ்த்து வாயு ஏற்றும்போது கோலி உருண்டு கழுத்துக்கு வரும். உள்ளே அடைபட்ட கார்பன் டை ஆக்சைடே அதை ரப்பர் வளையத்தோடு நெருக்கி மூடிவிடும். தனியாக மூடி வேண்டாம்.

கடைக்காரர் கோலியை அமுக்கி, எலுமிச்சைச் சாறும் உப்பும் கிடக்கிற கிளாசில் ஊற்றுகிறார். நுரை சீறி எழுகிறது. பலர் இதை ரசாயன மாற்றம் என்று நினைக்கிறார்கள். உப்பு அங்கே ஒரு தங்குமிடம் மட்டுமே. பரல்களின் சொரசொரப்பில் ஒட்டியிருக்கும் துளிக் காற்றில், நீரில் கரைந்திருந்த வாயு வந்து சேர்ந்து குமிழாகிறது. சுத்தமான மணலைப் போட்டாலும் பொங்கும்.

நாக்கில் நடப்பது வேறு. பிழியும்போது எலுமிச்சைத் தோலும் விதையும் கொஞ்சம் கசப்பைச் சேர்த்துவிடும். உப்பிலுள்ள சோடியம் அந்தக் கசப்பை அடக்குகிறது. அதற்கடியில் அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வருகிறது. நல்ல மதுக்கூடங்களில் காக்டெயில் கலக்குகிறவர்கள் சில சொட்டு உப்புக் கரைசல் விடுவதும் இதற்காகத்தான். கும்மிடிப்பூண்டிக்காரருக்கு அது ஒரு சிட்டிகை.

ஆனால் பெரிய வேலை குடலில் நடக்கிறது. குடற்சுவரில் ஒரு புரதம் வாயிற்காவலர்போல் நிற்கிறது. குளுக்கோஸ் தனியாக வந்தால் அதன் வழியே போக முடியாது. சோடியம் கூட வர வேண்டும். இரண்டும் சேர்ந்து உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். இந்த ஜோடியை ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் அறிவித்தார். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து குடிக்கக் கொடுக்கச் செய்தார். உறவினர்களே நோயாளிகளுக்குப் புகட்டினார்கள். முன்பு நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்த இடத்தில், இந்த நீரைக் குடித்தவர்களில் இறந்தோர் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு.

லெமன் சோடா அந்த மருந்து ஆகிவிடாது. நாம் போடும் சர்க்கரையில் பாதிதான் குளுக்கோஸ், மீதி ஃபிரக்டோஸ். சர்க்கரை மிஞ்சினால் குடல் உடம்பிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமே சரி. கடையில் கேட்கும்போது நான் "ரெண்டும்" என்பதோடு, "சர்க்கரை கம்மியா, அண்ணே" என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.