பச்சை ரத்தம்

லீவில் முடிச்சூர் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது அண்ணன் தன் போனில் பி.ஜி.எம்.ஐ. விளையாடக் கொடுத்தான். ஒருவனைச் சுட்டேன். உடனே சாகவில்லை. முட்டி போட்டு சுவரோரம் தவழ்ந்தான். "இன்னொண்ணு போடு, கூட்டாளி வந்தா எழுப்பிடுவான்" என்றான் அண்ணன். எனக்குக் கை வரல. "லூசு, அது பாட். ஆளே இல்ல" என்று சிரித்தான்.

பாட் என்றால் கம்ப்யூட்டரே ஓட்டும் பொம்மை. அதற்கு வலி கிடையாது. நிஜ ஆள் ஓட்டினாலும் அவருக்குப் போவது ஓர் ஆட்டம்தான். அப்புறம் ஏன் பாவமாக இருந்தது? தவழ்ந்ததால்தான் என்று நினைக்கிறேன். தப்பிக்கப் பார்த்தால் நம் மனசு அதை உயிர் என்றே எடுத்துக்கொள்கிறது. பொம்மலாட்டத்தில் அரிச்சந்திரன் மகன் செத்தால் பாட்டிகள் அழுவதில்லையா?

பப்ஜியை 2020 செப்டம்பரில் நம் அரசு தடை செய்தது. சண்டைக்காக என்றுதான் நினைத்திருந்தேன், இல்லை, தகவல் பாதுகாப்புக்காக! 2021-ல் அதுவே பி.ஜி.எம்.ஐ. என்று வந்தபோது ரத்தம் பச்சை ஆனது, 'கில்' என்ற வார்த்தை 'ஃபினிஷ்' ஆனது. பச்சையா இருந்தா மட்டும் தவழ்றது மாறிடுமா?

2015-ல் வந்த அண்டர்டேல் என்ற அமெரிக்க விளையாட்டில் ஒருவரையும் கொல்லாமலே முடிக்கலாம். கொன்றுவிட்டு, பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடி மாற்றினாலும் ஒரு பாத்திரம் அதைச் சொல்லிக்காட்டும்.

அண்ணன் கெட்டவன் இல்லை. அடிபட்ட நாய்க்குட்டியைத் தாம்பரம் வரை தூக்கிக்கொண்டு ஓடியவன்.

நான் விட்டவனை அவன் கூட்டாளி வந்து எழுப்பினான். ரெண்டு பேரும் என்னைச் சுட்டார்கள். "ஐயய்யோ, நிஜ ஆளுங்கதான்டி" என்றான் அண்ணன். நான் தவழ்ந்துகொண்டிருந்தேன்.