நாலாவது கேமராவைக் கொண்டுவாங்க!

"உட்காருங்க" என்றார் தயாரிப்பாளர் கேரி மார்ஷல். எதிரே நின்ற இளைஞர் உடனே உட்கார்ந்தார். எப்படி? தலையை இருக்கையில் ஊன்றி, இரண்டு கால்களையும் உத்தரம் பார்க்கத் தூக்கி! அன்றைக்கு அவர்கள் தேடிக்கொண்டிருந்தது ஒரு வேற்றுக்கிரகவாசியை. வந்தவர்களில் இவர் ஒருவர்தான் நிஜமான வேற்றுக்கிரகவாசி என்று மார்ஷல் பல வருடங்கள் கழித்தும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

ராபின் வில்லியம்ஸ்! 'ஜுமான்ஜி'யில் பலகை விளையாட்டுக்குள்ளிருந்து தாடியும் இலைதழையுமாக வந்து குதித்தவர். டிஸ்னியின் 'அலாவுதீன்' படத்தில் நீலப் பூதத்துக்குக் குரல் கொடுத்தவர். அவர் எழுதி வைத்ததைப் பேசமாட்டார், மனதில் பட்டதையெல்லாம் அந்த நொடியிலேயே பேசிவிடுவார் என்பது ஊருக்கே தெரியும். எனக்குப் பித்துப் பிடிக்க வைப்பது அதற்குப் பின்னால் நடந்தவை. அந்த மனிதர் வாயைத் திறந்ததும் கேமராக்காரர்கள், எடிட்டர்கள், ஓவியர்கள், கூட நடித்தவர்கள் என்று ஒரு பட்டாளமே தொழிலை மாற்றிச் செய்ய வேண்டியிருந்தது. வாருங்கள், செட்டுக்குள் நுழைந்து பார்த்துவிடலாம்!

முதலில் அந்த நாற்காலிக்கு அவர் எப்படி வந்தார் என்று பார்ப்போம். 'ஹேப்பி டேஸ்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர். 1950-களின் அமெரிக்கக் குடும்பம், பள்ளிக்கூடப் பையன்கள், தோல் ஜாக்கெட் போட்ட ஃபான்ஸி. அதில் விண்வெளி ஆசாமிக்கு என்ன வேலை? மார்ஷலின் சின்ன மகன் 'ஸ்டார் வார்ஸ்' பார்த்துவிட்டு வந்து, அப்பாவின் தொடரிலும் அப்படி ஒருவர் வேண்டும் என்று கேட்டானாம். அவ்வளவுதான்! மார்ஷலின் தங்கை ரோனி ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். தெருமுனையில் நின்று விதவிதமான குரலில் பேசுவான், முடித்ததும் தொப்பியை நீட்டிக் காசு வாங்குவான். தெருவில் தொப்பி நீட்டுகிறவனையா போடச் சொல்கிறாய் என்று அண்ணன் கேட்க, அந்தத் தொப்பி நன்றாகவே நிறைகிறது என்றாராம் தங்கை.

1978 பிப்ரவரியில் அந்த எபிசோட் ஒளிபரப்பானது. ஃபான்ஸியாக நடித்த ஹென்றி விங்க்ளர் ஒத்திகையில் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பின்னாளில் பலமுறை விவரித்திருக்கிறார். அதே செப்டம்பரில் அந்த வேற்றுக்கிரகவாசிக்குத் தனித் தொடரே தொடங்கிவிட்டது: 'மோர்க் அண்ட் மிண்டி'. ஒரு சின்ன பாத்திரம் ஏழு மாதத்தில் கதாநாயகன்!

கதாநாயகி கிடைத்த விதம் இன்னும் அமர்க்களம். மிண்டியாக நடித்த பாம் டாபருக்குத் தேர்வும் இல்லை, ஒத்திகையும் இல்லை. அவர் அதற்கு முன் நடித்து, தொடராகாமல் போன ஒரு மாதிரி எபிசோடிலிருந்து சில காட்சிகளை வெட்டி எடுத்தார் மார்ஷல். ராபினின் 'ஹேப்பி டேஸ்' காட்சிகளோடு அவற்றை ஒட்டி, ஏபிசி தொலைக்காட்சிக்குப் போட்டுக் காட்டினார். தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. அதுவரை ராபினும் பாமும் ஒரே அறையில்கூட நடித்ததில்லை. தான் ஒரு தொடரின் நாயகி என்பதே சினிமாத் தொழில் பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்துத்தான் பாமுக்குத் தெரிந்தது!

இனி பாரமவுன்ட் ஸ்டூடியோவுக்குள் போவோம். இந்த மாதிரித் தொடர்களைப் பார்வையாளர்களை உட்காரவைத்து, மேடை நாடகம்போல நடத்திப் படம்பிடிப்பார்கள். மூன்று கேமராக்கள். நடிகர் எந்த வசனத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் அடையாளம் ஒட்டியிருக்கும். கேமராக்காரர் அந்த அடையாளத்தை நம்பித்தான் காத்திருப்பார். ராபினுக்கோ தரையில் ஒட்டிய அடையாளம் கண்ணிலேயே படாது. சோபாமேல் ஏறினார், அதன் பின்னால் உருண்டார், பார்வையாளர் பக்கம் ஓடினார். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மார்ஷல் கேமராக்காரரிடம் ஓடி, "எடுத்தீங்களா?" என்று கேட்டார். அவர் என் பக்கம் வரவே இல்லையே என்று பதில் வந்தது.

அதற்கப்புறம்தான் நாலாவது கேமரா வந்தது. அதற்கு ஒரே வேலை: ராபின் எங்கே போனாலும் பின்னாலேயே போவது! பல கேமராத் தொடர்களில் நாலாவது கேமரா வழக்கமானதே ராபினால்தான் என்று மார்ஷல் பெருமையாகச் சொல்வார். ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய விருது என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு வேகத்துக்கும் அடியில் முறையான பயிற்சி இருந்தது. பலர் இதைக் கவனிப்பதில்லை. 1951-ல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா ஃபோர்டு கார் நிறுவனத்தில் பெரிய அதிகாரி. பெரிய வீடு, பொம்மைப் படைவீரர்கள், தனிமை. அம்மாவைச் சிரிக்கவைப்பதில் தொடங்கியதுதான் எல்லாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். கல்லூரியில் அரசியல் படிக்கப் போய், அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். 1973-ல் முழு உதவித்தொகையோடு நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைக்கல்லூரி. அங்கே மேல்நிலை வகுப்பில் அவரோடு சேர்ந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் 'சூப்பர்மேன்' ஆன கிறிஸ்டோபர் ரீவ்! வட்டார வழக்குகளைக் கற்றுத்தரும் ஆசிரியைக்கு ராபினை என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று ரீவ் எழுதியிருக்கிறார். ஸ்காட்லாந்து, ரஷ்யா, இத்தாலி என்று எந்த ஊர்ப் பேச்சானாலும் அவர் வாயில் ஏற்கெனவே இருந்தது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 'ஹோலி சிட்டி ஜூ' என்ற குட்டி நகைச்சுவைக் கிளப்பில் மதுக்கவுன்டரில் வேலை பார்த்தபடியே மேடை ஏறினார். அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸில் 'காமெடி ஸ்டோர்'. அங்கே பழகிய வேகம்தான் மோர்க்குக்கு உயிர் கொடுத்தது. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர்களில் மூன்றாவது இடம். 1979 மார்ச்சில் 'டைம்' இதழின் அட்டையில் அவர் முகம். வானவில் நிறத்தில் தோள்பட்டைப் பட்டி போட்டுக்கொண்டு பிள்ளைகள் எல்லாரும் மோர்க் பாஷை பேசத் தொடங்கிவிட்டார்கள்!

நாலாவது, கடைசி ஆண்டில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. ராபினுக்குச் சின்ன வயதிலிருந்து தெய்வம் மாதிரி ஒருவர் உண்டு: நகைச்சுவையாளர் ஜொனாதன் வின்டர்ஸ். மோர்க்கின் கிரகத்தில் வயது தலைகீழாக ஓடும், குழந்தைகள் கிழவர்களாகப் பிறப்பார்கள். அதனால் மோர்க்குக்கும் மிண்டிக்கும் முட்டையிலிருந்து பிறந்த பிள்ளையாக வந்தார், ஐம்பது வயது தாண்டிய வின்டர்ஸ்! குருநாதரை மகனாக வைத்து ராபின் கொஞ்சுகிறார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் சொந்தமாகப் பேசத் தொடங்கினால் நடுவில் நிற்கும் பாம் டாபர் என்ன செய்வார்? அவர் சிரிக்காமல் நின்று, கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். காற்று எவ்வளவு அடித்தாலும் பட்டத்தின் நூலை விடாமல் பிடித்திருக்கும் கை அவருடையது. அந்தத் தொடரின் உண்மையான வீராங்கனை அவர்தான் என்பேன், யார் மறுத்தாலும்.

1982-ல் தொடர் முடிந்தது. சினிமா அவ்வளவு சீக்கிரம் கைகொடுக்கவில்லை. அவர் நடித்த 'பாப்பாய்' படத்துக்காக மால்டா தீவில் கட்டிய செட் கிராமம் மட்டும் இன்றும் சுற்றுலாத் தலமாக நிற்கிறது! 1987-ல் 'குட்மார்னிங் வியட்நாம்' எல்லாவற்றையும் மாற்றியது. ராணுவ வானொலி அறிவிப்பாளர் பாத்திரம், தாய்லாந்தில் ஷூட்டிங். இயக்குநர் பேரி லெவின்சன் செய்த புத்திசாலித்தனம் பாருங்கள்: வானொலிக் காட்சிகளில் கேமராவை ஓடவிட்டு, ராபினைப் பேசவிட்டு, நல்லதைப் பொறுக்கிக்கொண்டார். முதல் ஆஸ்கர் பரிந்துரை அதில்தான். 'டெட் போயட்ஸ் சொசைட்டி', 'ஃபிஷர் கிங்' என்று மேலும் இரண்டு. கடைசியில் 'குட் வில் ஹன்டிங்' ஆஸ்கரையே கையில் கொடுத்தது. அந்தப் படத்தில் இறந்துபோன மனைவியின் தூக்கத்தைப் பற்றி அவர் ஒரு வேடிக்கைக் கதை சொல்வார். அதை அங்கேயே, அப்போதே உருவாக்கினார். எதிரே நடித்த மேட் டேமன் கண்ணில் நீர் வரச் சிரிப்பது நடிப்பே இல்லை!

'அலாவுதீன்' ஓவியர்களின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பூதத்துக்குக் குரல் கொடுக்க ராபினைச் சம்மதிக்கவைக்க வேண்டும். எரிக் கோல்ட்பெர்க் என்ற அனிமேஷன் கலைஞர் ராபினுடைய பழைய மேடைப் பேச்சு ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து, அந்தப் பேச்சுக்குப் பூதம் வாயசைத்து ஆடுவதுபோல வரைந்து போட்டுக் காட்டினார். ராபின் விழுந்து விழுந்து சிரித்தார், ஒப்புக்கொண்டார். ஒலிப்பதிவு அறையில் ஒரே வரியை இருபது குரலில் சொல்லிப் பார்த்தார். பதினாறு மணி நேரப் பேச்சு சேர்ந்தது என்கிறார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு முகமாகப் பூதத்தை உருமாற்றி வரைந்தது அந்த ஓவியர்களின் பென்சில். இந்தப் பக்கம் மூச்சுவிடாத பேச்சு, அந்தப் பக்கம் வினாடிக்கு 24 படம் என்ற பொறுமை. என்ன ஜோடி!

கேமரா இல்லாத இடத்திலும் அவர் நிற்கவில்லை. 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ரீவ், அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் காத்திருந்தார். கதவு திறந்தது. நீலத் தொப்பி, மஞ்சள் அங்கி, கண்ணாடி போட்ட ஒரு ரஷ்ய டாக்டர் வந்து, ஆசனவாயை உடனே பரிசோதிக்க வேண்டும் என்று ரஷ்ய உச்சரிப்பில் அறிவித்தார். வேறு யார், ராபின்தான்! விபத்துக்குப் பின் ரீவ் முதல்முறையாகச் சிரித்தது அன்றைக்குத்தான். இயக்குநர் ஸ்பீல்பெர்க் போலந்தில் 'ஷின்ட்லர்ஸ் லிஸ்ட்' எடுத்து மனம் கனத்திருந்த நாட்களில், ராபின் வாரம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டுக் கால்மணி நேரம் சிரிக்கவைப்பார். சிரிப்பு உச்சத்துக்குப் போகும் நொடியில் டக்கென்று போனை வைத்துவிடுவார்!

2013-ல் மறுபடி தொலைக்காட்சிக்கு வந்தார், 'தி கிரேஸி ஒன்ஸ்' தொடருக்காக. ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் செட்டில் நடந்த கூத்துகளைத் துண்டு துண்டாகப் போடுவார்கள். பார்ப்பவர்களுக்குப் பாதி ஆசையே அதற்குத்தான். 2014-ல் அதில் விருந்தினராக வந்தவர் பாம் டாபர்! 32 ஆண்டுகள் கழித்து மோர்க்கும் மிண்டியும் ஒரே சட்டகத்தில். அந்த ஆகஸ்ட் 11 அன்று, 63 வயதில், ராபின் உயிரை மாய்த்துக்கொண்டார். லூயி பாடி டிமென்ஷியா என்ற மூளை நோய் அவரை எவ்வளவு வாட்டியிருந்தது என்பது பிரேதப் பரிசோதனைக்குப் பிறகே தெரியவந்தது.

'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தேன். 1993. விவாகரத்தான அப்பா, பிள்ளைகளைப் பிரிய முடியாமல், வீட்டு வேலைக்கார மூதாட்டியாக வேடமிட்டு வருகிறார். நமக்குத் தெரியாத கதையா? 1996-ல் கமல்ஹாசன் மடிசார் கட்டிக்கொண்டு வந்த 'அவ்வை சண்முகி'க்கு விதை அதுதானே! ஆனால் இரண்டு செட்டுகளின் நகைச்சுவையும் வேறு வேறு சமையல். அவ்வை சண்முகியில் கிரேஸி மோகன் எழுதிய வசனம் ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு ஓடும், ஒரு சொல் இடம் மாறினாலும் சரம் அறுந்துவிடும். 'மிஸஸ் டவுட்ஃபய'ரின் சான் ஃபிரான்சிஸ்கோ செட்டில் எழுதியது தொடக்கம் மட்டுமே.

நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஒப்பனை. அந்த ஒப்பனைக்கு ஆஸ்கரே கிடைத்தது. வேடத்தைக் கலைக்காமல் ராபின் ஊருக்குள் ஒரு கடைக்குப் போய்ப் பொருள் வாங்கப் பார்த்த கதையும் உண்டு, அவரே சொன்னது. இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் முதல் சில டேக்குகளை எழுதியபடி எடுப்பார். பிறகு விளையாடலாமா என்று ராபின் கேட்பார். விளையாட்டு ஆரம்பித்தால் ஒரு டேக் மாதிரி அடுத்தது இருக்காது. அடுத்து என்ன வரும் என்று எதிரே நிற்பவர்களுக்கும் தெரியாது. அதனால் கொலம்பஸ் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு கேமராக்களை ஓடவிட்டார். மற்ற நடிகர்களின் முகத்தில் முதல் நொடியில் வரும் அந்த வியப்பு மறுபடி கிடைக்காதே! முகமூடி இல்லாத அவசரத்தில் கேக்கின் கிரீமில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வரும் காட்சி நினைவிருக்கிறதா? விளக்குச் சூட்டில் கிரீம் உருகி, எதிரே இருந்தவருடைய டீயில் விழுந்தது. யாரும் திட்டமிடவில்லை. ராபின் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அதையும் வசனத்தில் சேர்த்துக்கொண்டார்!

அந்த ஷூட்டிங்குக்காக நீண்ட விடுப்பு எடுத்ததால், மூத்த மகளாக நடித்த லிசா ஜேக்கப்பைப் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுத்தது. ராபின் உட்கார்ந்து தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினார். பள்ளி அதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்தது, பெண்ணைத் திரும்பச் சேர்க்கவில்லை. ஆனால் தனக்காக ஒருவர் எழுதினார் என்பதை லிசா மறக்கவே இல்லை.

படத்தில் சேராத டேக்குகள் என்னவாயின? எல்லாம் பத்திரமாக இருக்கின்றன! 972 பெட்டிகள் என்று கணக்குச் சொன்னார் கொலம்பஸ், 2023-ல். ஒரு எடிட்டரை உட்காரவைத்து அவற்றைத் திறந்து, ராபின் எப்படி வேலை செய்தார் என்று ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சீக்கிரம் எடுங்கள் ஐயா! அந்தக் கிரீம் டீயில் விழுந்த மறு நொடி, கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் எப்படி வாயைப் பொத்திக்கொண்டார்கள் என்று எனக்குப் பார்த்தே ஆக வேண்டும்.