காப்பிக் காய்த் துளைப்பானைக் கொல்லும் வெண் பூசணம்

இமயமலையில் புழுவின் தலையிலிருந்து முளைக்கும் ஒரு பூசணம், மருந்துச் சரக்காகக் கிலோ பல லட்சம் ரூபாய்க்கு விலை போகிறது. இது நீலகிரியில் விளையுமா என்று கேட்போர் உண்டு. விளையாது. அது 3,000 மீட்டருக்கு மேற்பட்ட குளிர் மேய்ச்சல் நிலங்களில் வளர்வது. தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அதற்கு இரையாகும் அந்துப்பூச்சிப் புழுவும் இங்கு கிடையாது.

ஆனால் அதன் பங்காளி ஒன்று நம் மலையிலேயே வேலை செய்கிறது. பவேரியா பேசியானா என்னும் வெண் பூசணம் அது. அத்தனை விலைக்குப் போகாவிட்டாலும், கூடலூர், பந்தலூர் காப்பி விவசாயிகளின் மகசூலைக் காக்க உதவுகிறது.

பூசணம் வாழும் விதம்

இரண்டின் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்றே. இமயமலைப் பூசணம் மண்ணுக்குள் வேர் தின்னும் புழுவைப் பற்றி, உள்ளே பரவி, குளிர்காலத்தில் கொன்றுவிடும். பனி உருகியதும் புழுவின் தலையிலிருந்து பழுப்புத் தண்டு ஒன்று மண்ணுக்கு மேல் நீட்டி, வித்துகளைத் தூவும்.

வெண் பூசணத்தின் வித்து, பூச்சி தின்றுதான் உள்ளே போகவேண்டும் என்பதில்லை. உடம்பில் பட்டாலே போதும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் முளைத்து, தோலைக் கரைத்துத் துளையிட்டு, பூச்சியின் இரத்தத்தில் பெருகும். சில நாட்களில் பூச்சி மடியும். பிறகு உடம்புக்கு வெளியே பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்து, புது வித்துகளை உண்டாக்கும். இவை காற்றிலும் மழைச்சாரலிலும் அடுத்த பூச்சியைச் சேரும்.

துளைப்பானின் போக்கு

ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட காய்த் துளைப்பான், இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்டது 1990-ல், நம் கூடலூர் வட்டாரத்தில்தான். எள்ளைவிடச் சிறிய இந்தக் கரு வண்டு, காயின் நுனியிலுள்ள தொப்புள் போன்ற வட்டத்தில் துளையிட்டு, கொட்டைக்குள் முட்டையிடும். புழுக்கள் கொட்டையைக் குடைந்து தின்னும்.

முன்பு இதற்கு அடித்துவந்த எண்டோசல்பான் மருந்துக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

எப்போது, எப்படித் தெளிப்பது?

வண்டு கொட்டைக்குள் புகுந்துவிட்டால் எந்தத் தெளிப்பும் எட்டாது. எனவே காய் முற்றத் தொடங்கி, வண்டு துளையிடும் தருணமே ஏற்றது. தென்மேற்குப் பருவமழைக் காலத்து ஈரமும் பூசணத்துக்குச் சாதகம். மழை விட்ட நேரம் பார்த்து, மாலையில், காய்க்கொத்துகள் நனையும்படி தெளிக்கவேண்டும். கடும் வெயில் வித்துகளைக் கொன்றுவிடும். நிழல் மரமுள்ள தோட்டத்தில் பலன் கூடுதல். அளவு, பொட்டலத்தில் குறித்துள்ளபடி.

இது உயிருள்ள மருந்து என்பதை மறக்கக்கூடாது. காலாவதியானதை வாங்கவேண்டாம். போர்டோ கலவையோ வேறு பூசணக்கொல்லியோ இதனுடன் கலந்தால், காசு கொடுத்து வாங்கிய பூசணத்தை நாமே கொன்றதாகும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விடவேண்டும். துளை வாயில் வெண்பஞ்சு போலத் தெரிந்தால் பூசணம் பிடித்துவிட்டது என்று அறியலாம்.

பூசணம் மட்டும் போதாது

அறுவடையில் செடியில் விட்டுப்போன காயிலும், தரையில் உதிர்ந்த காயிலும் வண்டுகள் தங்கியிருந்து அடுத்த போகத்தைத் தாக்கும். ஆகவே பறிக்கும்போது கீழே படுதா விரிக்கவும். கடைசிக் காய் வரை பறித்து, உதிர்ந்ததையும் பொறுக்கவும். துளை விழுந்த காய்களைக் கொதிநீரில் 2 முதல் 3 நிமிடம் அமிழ்த்தி, பின் உலர்த்தவும். பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பயன் கிட்டும்.

எச்சரிக்கை

பட்டுப்புழு வளர்ப்போர் இதை அருகில் சேர்க்கக்கூடாது. பட்டுப்புழுவைச் சுண்ணாம்புக் கட்டி போல விறைக்கச் செய்யும் நோய்க்கு இதே பூசணம்தான் காரணம் என்று 1835-லேயே இத்தாலியின் அகோஸ்டினோ பாஸி கண்டறிந்தார். தெளிப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நல்லது.

மேலும் விவரம் வேண்டுவோர் அருகிலுள்ள காப்பி வாரிய அலுவலகத்தையோ, குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.