பல்லில் கம்பி கட்டிய பிள்ளைகள்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நம்முன் அமரும் 13, 14 வயதுப் பிள்ளைகள் பலரின் வாயில் கம்பி மின்னுகிறது. ஊரில் நாம் படிப்பித்த காலத்தில் தெற்றுப்பல் ஒரு குறையாகவே எண்ணப்படவில்லை. அழகு என்றுகூடச் சொன்னார்கள். இங்கோ சில ஆயிரம் டொலர் செலவிட்டுப் பல்லை நிரைப்படுத்துகிறோம். கியூபெக் பொதுக் காப்புறுதி 10 வயதுக்கு உட்பட்டோரின் சில பல் வைத்தியச் செலவுகளை ஏற்கிறதேயன்றிக் கம்பி கட்டும் செலவைப் பொதுவாக ஏற்பதில்லை. பெற்றோர் இரவு வேலை செய்து சேர்த்த பணம் அது.

கம்பியைக் கழற்றும் நாளில் பல் நேராக நிற்கும். ஆனால், தகடு ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தொட்டாற்போல வெண்புள்ளிகள் தெரிவதுண்டு. தகட்டோரத்தில் தங்கும் இனிப்பையும் மாவையும் நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்படையான மிளிரியைக் கரைக்கிறது. இதற்கு ஒரு மாதக் கவனக்குறைவே போதும். புள்ளி பின்னர் மங்கலாம். முற்றாக மறைவது அரிது.

இவற்றையெல்லாம் பல் வைத்தியர் பிரெஞ்சில் விளக்குகிறார். தாய்க்கு அதை மொழிபெயர்ப்பவர் பிள்ளையே.

"டொக்ரர் என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை அம்மா, வடிவாத் தீட்டட்டாம்."

பத்து நிமிடப் பேச்சு இவ்வளவில் முடிந்துவிடுகிறது. பிள்ளையை நாம் குறைகூறோம்; தன்மீதான குற்றச்சாட்டைத் தானே மொழிபெயர்க்க எவர்தான் விரும்புவர்?

நாள்தோறும் இருமுறை துலக்கவேண்டும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படி என்று செய்துகாட்டச் சொன்னபோது, பெரும்பாலோர் கம்பியின் மேலாகவே தூரிகையை ஓட்டினர். கம்பி அறுந்துவிடும் என்ற அச்சம் வேறு. தூரிகையைச் சாய்த்து, ஈறுக்கும் தகட்டுக்கும் இடையில் முதலிலும், தகட்டின் மறுபுறத்தில் அடுத்தும் மெதுவாகத் தேய்க்கவேண்டும். கம்பியின் அடியில் நுழையும் சிறு தூரிகை மருந்துக்கடைகளிற் கிடைக்கும். அம்மம்மா சொல்லும் உமிக்கரி இங்கு உதவாது. முறுக்கு தகட்டைப் பெயர்க்கும், தொதல் ஒட்டிக்கொள்ளும்.

மொன்றியல் நகரக் குழாய்நீரில் புளோரைட் சேர்ப்பதில்லை. தீவின் மேற்கே புவான்ட் கிளேர், டோர்வால் நிலையங்களில் இருந்த வழக்கத்தையும் கைவிட 2024 இல் முடிவு செய்யப்பட்டது. ஆகையால் புளோரைட் கலந்த பற்பசையே வேண்டும்.

ஈறு சிவந்து, துலக்கும்போது இரத்தம் கசிந்தால் பல பிள்ளைகள் துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். அங்கே அழுக்குத் தங்கியிருப்பதாலேயே பெரும்பாலும் கசிகிறது. நிறுத்தினால் இன்னும் கூடும். அடுத்த முறை செல்லும்போது, கைக்கண்ணாடி முன்னே பிள்ளையைத் துலக்கச் செய்து, தவறும் இடத்தைத் தொட்டுக் காட்டும்படி வைத்தியரைக் கேளுங்கள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.