தொட்டிலைத் திருப்பும் விசை

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் குற்றாலத்தில் சாரல் பொழிகிறது. பேரருவியின் நீர் பொங்குமாகடலில் விழுந்து, பொங்கி வழிந்து, சிற்றாற்றில் கலந்து தென்காசியைக் கடந்து செல்கிறது. விழுந்த நீர் மேலே திரும்புவதில்லை. அதைத் திருப்பும் விசை அங்கு இல்லை. தென்காசி வீடுகளில் உத்திரத்துக் கொக்கியில் சுருள்வில் மாட்டிக் கட்டிய சேலைத் தொட்டிலோ இறங்கிய ஒவ்வொரு முறையும் மேலேறுகிறது. தாய் ஒருமுறை இழுத்துவிட்டு அடுக்களைக்குச் சென்றாலும் ஆட்டம் சற்று நேரம் நீடிக்கிறது.

சுருள்வில்லின் நீட்சி மிகுந்தால் அதன் விசையும் அதே விகிதத்தில் மிகும் என்று கண்டவர் இராபர்ட் ஹூக். 1676இல் இவ்விதியை எழுத்துகளை இடம்மாற்றிய புதிராக வெளியிட்ட அவர், 1678இல்தான் விடையைக் கூறினார். கண்டுபிடிப்பைப் பிறர் உரிமை கொண்டாடாமல் காக்க அக்கால அறிஞர் கையாண்ட உத்தி அது!

மீள்விசை = − சுருள்வில் மாறிலி × இடப்பெயர்ச்சி. இதிலுள்ள எதிர்க்குறியே மாணவர் பலரை இடறச் செய்கிறது. விசை எதற்கு எதிரானது? இயக்கத்திற்கு அன்று, இடப்பெயர்ச்சிக்கு. தொட்டில் சமநிலைப் புள்ளிக்குக் கீழே உள்ளவரை, அது இறங்கினாலும் ஏறினாலும் மீள்விசை மேல்நோக்கியே அமையும். இறங்கும்போது அவ்விசை வேகத்தைக் குறைக்கிறது. ஏறும்போது அதுவே வேகத்தைக் கூட்டுகிறது. இயக்கத்தை எப்போதும் எதிர்ப்பது காற்றின் தடையே. அதனால்தான் ஆட்டம் மெல்ல அடங்குகிறது.

இன்னொரு ஐயமும் எழும். தொங்கும் சுருள்வில் நீண்டே இருப்பதால் அது தொட்டிலை எப்போதும் மேல்நோக்கித்தானே இழுக்கிறது? அவ்வாறாயின் கீழ்நோக்கிய மீள்விசை எங்கிருந்து வருகிறது? குழந்தையும் தொட்டிலும் சேர்ந்து 6 கிலோகிராம் எனக் கொள்வோம். எடை ஏறக்குறைய 60 நியூட்டன். சுருள்வில் மாறிலி மீட்டருக்கு 200 நியூட்டன் எனில், 30 செ.மீ. நீட்சியில் இழுவிசையும் எடையும் சமமாகின்றன. அதுவே சமநிலைப் புள்ளி. அதற்கு 5 செ.மீ. கீழே இழுவிசை 70 நியூட்டன். எடையைக் கழித்தால் 10 நியூட்டன் மேல்நோக்கி எஞ்சுகிறது. 5 செ.மீ. மேலே நீட்சி 25 செ.மீ. ஆகிறது, இழுவிசை 50 நியூட்டனாகக் குறைய, எடை 10 நியூட்டன் விஞ்சுகிறது. சுருள்வில் அங்கும் மேல்நோக்கியே இழுக்கிறது; ஆனால் தொகுபயன் விசை கீழ்நோக்கியது. மீள்விசை எனப்படுவது இத்தொகுபயனே.

சமநிலைப் புள்ளியில் தொகுபயன் விசை சுழி. எனினும் தொட்டில் அங்கே நிற்பதில்லை. அதன் வேகம் பெருமமாவது அங்குதான். வேகம் சுழியாகும் இரு முனைகளிலோ விசை பெருமமாகிறது.

குழந்தை வளர வளரச் சமநிலைப் புள்ளி கீழிறங்குகிறது. தொட்டில் தரையைத் தொடாதிருக்கச் சேலையின் முடிச்சை உயர்த்திக் கட்ட வேண்டியுள்ளது. ஆட்டமும் முன்னிலும் மெதுவாகிறது.